வெள்ளெருக்கா, நந்தியாவட்டையா?

வேலியோரம் தானாக முளைத்த, வெண்பூப் பூத்து, கிள்ளினால் பால் வடியும் செடி வெள்ளெருக்கா நந்தியாவட்டையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் பூசைக்குரியவை, இரண்டிலும் பால் உண்டு என்பதால் இக்குழப்பம் இயல்பே. இலையடியில் வெண்மாவு பூசியதுபோன்ற சாம்பல் படலம் இருக்கிறது, காம்பு அநேகமாக இல்லாமல் இலை தண்டைத் தழுவி நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது எருக்கே. நந்தியாவட்டையின் இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், காம்பும் தெளிவாகத் தெரியும். உறுதிசெய்ய விரும்பினால், விரிந்த பூ ஒன்றின் நடுவே பாருங்கள்: மெழுகுபோல் தடித்த ஐந்து இதழ்களுக்கு மேல் ஐந்து மடலுள்ள சிறு கிரீடம் எழுந்து நின்றால் ஐயமில்லை. நந்தியாவட்டைப் பூவோ மெல்லிய குழலின் நுனியில் காற்றாடிபோல் முறுக்கி விரியும்.

விநாயகருக்கு உகந்ததாகப் போற்றப்படும் வெள்ளெருக்கு, திருஎருக்கத்தம்புலியூரில் தலமரமும்கூட. ஆகவே வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் பூப்பறிக்கும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது விழிப்படலத்தைக் கடுமையாகப் பாதிக்கும். பட்டுவிட்டால் உடனே நிறைய நீரால் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள்.