பட்டறையில் நிற்கும் லாரியைக் கேட்டு ஃபைனான்ஸ்காரர்கள் வந்திருக்காங்க, ஓனர் போன் எடுக்கலை. கூலி வராமல் அவர்களிடம் லாரியை விடலாமா?

விடாதீங்க. ஓனர் கொண்டுவந்து விட்ட வண்டிக்கு இஞ்சின் வேலை முடித்த நீங்க, அந்தக் கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கலாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு தரும் உரிமை அது. ஆனால் வண்டி பட்டறை கேட்டைத் தாண்டினால் அந்த உரிமையும் கூடவே போய்விடும். சங்ககிரிப் பக்கம் ஒருத்தர் "நாளைக்குப் பணம் போடறோம்" என்ற பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டு இன்னமும் அலையறாருங்க. மனசு வலிக்குது.

ஓனர் போன் எடுக்கலைன்னு சொல்றீங்க. பெரும்பாலும் வண்டிக் கடன் டியூ நின்றிருக்கும், அதனால்தான் வண்டியைப் பிடிக்க ஃபைனான்ஸ் கம்பெனியின் சீசிங் ஆட்கள் உங்க வாசலில் நிற்கிறார்கள்.

1. அவர்கள் காட்டும் காகிதத்தைப் படிங்க. கம்பெனி லெட்டர்ஹெட்டா, கோர்ட் உத்தரவா? கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் உத்தரவோடு வந்தால் தடுக்காதீங்க. கூலி பாக்கியை எழுத்தில் கொடுத்து, அதே கோர்ட்டில் முறையிடுங்க.

2. ஜாப் கார்டில் ஓனர் கையெழுத்து இருக்கா? எஸ்டிமேட்டுக்கு அவர் 'சரி' என்ற வாட்ஸ்அப், ஸ்பேர் பில் எல்லாவற்றையும் எடுத்து வைங்க.

3. ஃபைனான்ஸ் கிளைக்கும் ஓனருக்கும் பில்லோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்க. வண்டி வேணும்னா கம்பெனியே கூலியைக் கட்டி எடுக்கவும் வாய்ப்பிருக்கு.

போன வருஷப் பாக்கியை இதில் சேர்க்காதீங்க, இந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான் பிடித்து வைக்கலாம். வண்டியை விற்கவோ டயரைக் கழற்றவோ உரிமை கிடையாது. கடன் ஒப்பந்தத்தைக் காட்டி, வண்டி தங்களுக்கே என்று ஃபைனான்ஸ் கம்பெனி வாதாடலாம். நாமக்கல்லிலேயே ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிடுங்க.