விரலி மஞ்சளும் தாய்லாந்து வேலையும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கிராமம் எங்களுடையது. எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, ஏழு ஆண்டுகளாக ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை இருப்பதாக, முன்பின் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டார். மாதம் 70,000 பாட் சம்பளம், தங்குமிடம் இலவசம் என்கிறார். போனில் பத்து நிமிடம் பேசிவிட்டுப் பணி நியமனக் கடிதமும் அனுப்பிவிட்டார். பள்ளியின் பெயரை அங்கே போன பிறகுதான் சொல்வார்களாம். விசா இல்லாமல் இறங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாமாம். கட்டணம் 1,40,000 ரூபாய். பாதியை முன்பணமாகக் கட்டினால் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டுத் தருவாராம். ஒரிஜினல் சான்றிதழ்களையும் கூரியரில் அனுப்பச் சொல்கிறார். இருப்பில் உள்ள மஞ்சளைப் போட்டுப் பணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. நம்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் இணைத்திருந்த நியமனக் கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே ஒரு பள்ளிக் கட்டடத்தின் படம் இருக்கிறது. பள்ளியின் பெயர் இல்லை. உங்கள் பெயர் மட்டும் வேறோர் எழுத்துருவில், மற்ற வரியைவிடச் சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. வேறு யாருக்கோ அனுப்பிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றினால் இப்படித்தான் வரும். ஆனாலும் இதை வைத்தே நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்; நல்ல பள்ளிகளின் அலுவலகங்களிலும் இப்படித் தட்டச்சு செய்பவர்கள் உண்டு.

என்னை அதிகம் உறுத்தியது அந்தப் பத்து நிமிடப் பேச்சுதான். நீங்கள் இப்போது வேலை பார்க்கும் பள்ளியில் சேர்ந்தபோது டெமோ கிளாஸ் எடுக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, எட்டாம் வகுப்புக்கு ஏதோ ஓர் இலக்கணப் பாடத்தை நடத்திக் காட்டித்தான் வேலை வாங்கியிருப்பீர்கள். நம்மூர்ச் சம்பளத்துக்கே அவ்வளவு பார்க்கிறார்கள் என்றால், அதைப்போலப் பல மடங்கு கொடுக்கப்போகிறவர் நீங்கள் பாடம் நடத்துவதைப் பார்க்கக்கூடக் கேட்கவில்லை என்பதை உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். ஏலத்தில் விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் உச்ச விலை சொல்லும் வியாபாரியை அவர் எத்தனை நாள் நம்பியிருப்பார்? சம்பளத் தொகையும் அந்த வகையில்தான் இருக்கிறது. தாய்லாந்தின் சாதாரணப் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே 30,000, 40,000 பாட் என்பதுதான் வழக்கமான அளவு.

அடுத்து, யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பது. ஆசிரியர்களைத் தேடித்தரும் ஒழுங்கான நிறுவனங்களுக்குக் கூலி பள்ளியிடமிருந்து வருகிறது. ஆகவே நீங்கள் அந்தப் பள்ளியில் நிலைத்து வேலை செய்வதில்தான் அவர்களுடைய வருமானம் இருக்கிறது. உங்களிடம் வாங்குபவருக்கோ, நீங்கள் விமானம் ஏறியதும் வருமானம் முடிந்துவிடுகிறது. நம் நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுத்து அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர்கூட வேலை தேடுபவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அந்த அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அதில் தேடிப் பாருங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு மாணவர்களை அனுப்பும் கன்சல்டன்சியின் பலகையைக் காட்டி, அதுவே உரிமம் என்று சொன்னால் ஏற்காதீர்கள். அது வேறு தொழில். முத்திரைத்தாளைப் பற்றி நான் என்ன சொல்ல? ஈமு கோழி வளர்ப்புக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துப் பணத்தை வாங்கி ஏமாற்றியவர்களை 2012இல் பார்த்த மாவட்டம் உங்களுடையது.

நீங்கள் பத்தாம் வகுப்புத் தேறியவர் என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. இதை ஒரு சலுகையாக நினைக்கிறோம், சலுகைதான். ஆனால் படிக்காத ஒரு தொழிலாளி தாய்லாந்துக்கோ வளைகுடாவுக்கோ போகும்போது அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க ஓர் அதிகாரியாவது இருக்கிறார், உங்களுடையதைப் பார்க்க நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

இந்தியர்கள் தாய்லாந்தில் விசா இல்லாமல் இறங்கலாம் என்ற ஏற்பாடு 2023 நவம்பரில் தொடங்கியது. அது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தது. பள்ளியில் பாடம் நடத்த நான்-இமிகிரண்ட் பி என்ற வகை விசாவும், தொழிலாளர் அமைச்சகம் தரும் வேலை அனுமதியும், ஆசிரியர் கவுன்சிலின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். (அந்தக் கவுன்சிலுக்குத் தாய் மொழியில் குருசபா என்று பெயர்; நமக்கு அகராதி தேவைப்படாத சொல்.) நம்மைப் போன்று ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டவரிடம் டோயிக் அல்லது ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பதும் அங்கே வழக்கம், உங்கள் முகவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இறங்கியபின் விசாவை மாற்றவே முடியாது என்று சொல்ல மாட்டேன், அப்படி மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் வகுப்பில் நின்றால் நீங்கள் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். பிறகு சம்பளம் தரவில்லை என்று யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமானது, இந்தத் தாள்கள் எல்லாவற்றுக்கும் பள்ளிதான் கடிதம் கொடுக்க வேண்டும். வேலை அனுமதியில் முதலாளியின் பெயரே இடம்பெறும். ஆகவே பள்ளியின் பெயரை வந்தபின் சொல்கிறோம் என்பவர், விசாவுக்கான வேலையை இன்னும் தொடங்கவே இல்லை அல்லது தொடங்கும் எண்ணமே அவருக்கு இல்லை.

தாய்லாந்து இல்லாவிட்டால் கொரியா, சீனா என்று அவர் பேச்சை மாற்றக்கூடும். கொரியாவின் தனியார் பயிற்சி நிலையங்களில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான விசாவை ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு மட்டுமே தருகிறார்கள். அவற்றில் இந்தியா இல்லை. சீனாவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவருக்கே என்பதுதான் பொது விதி.

சான்றிதழ் விஷயத்தில் நான் சூடுபட்டவன். 2006இல் மாலத்தீவில் ஆசிரியர் வேலை என்று கோவை காந்திபுரத்தில் ஒரு மாடி அலுவலகத்துக்குப் போய், சான்றொப்பம் வாங்கித் தருகிறோம் என்ற பேச்சை நம்பி ஒரிஜினல்களைக் கொடுத்தேன். மாலத்தீவு அரசு தமிழ்நாட்டிலிருந்து ஆசிரியர்களை எடுப்பது உண்மைதான். என் கல்லூரி நண்பர் ஒருவர் முறையாகப் போய் அங்கே ஆறு ஆண்டுகள் இருந்தார். எனக்கு வேலை வரவில்லை. பட்டச் சான்றிதழை மீட்கப் பதினான்கு மாதம் அந்த மாடிப்படியை ஏறினேன். கடைசியில் அது வந்தபோது மேல் மூலையில் டீ டம்ளரின் வட்டம் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. ஏன் அவ்வளவு எளிதாகக் கொடுத்தேன் என்று பிற்பாடு யோசித்தேன். நம் தனியார் பள்ளிகளில் வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதல்லவா, அதனால் யாராவது கேட்டால் நமக்கு வித்தியாசமாகத் தோன்றுவதில்லை. ஸ்கேன் நகல் போதும். சான்றொப்பத்தை நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம். பாஸ்போர்ட்டோ 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. போன இடத்தில் எந்த முதலாளியும் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

ஒன்றை எழுதாமல் விட முடியாது. தாய்லாந்து வேலை என்று அழைத்துப்போய், மே சோட் என்ற எல்லை ஊரில் ஆற்றைக் கடக்கவைத்து, மியான்மரின் மியாவடியில் இணைய மோசடி வளாகங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. 2025 மார்ச்சில் அப்படி மீட்கப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து அழைத்து வந்தன. உங்களுக்கு வந்திருப்பதும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விமான நிலையத்துக்குக் கார் வரும் என்பது மட்டும் தெரிந்து, கார் எந்த ஊருக்குப் போகும் என்பது தெரியாமல் பயணம் புறப்படக் கூடாது.

பள்ளியின் பெயர், ஊர், விசா வகை, அவருடைய பதிவு எண் ஆகிய நான்கையும் கேட்டு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயர் வந்தால், அவர் கொடுக்கும் எண்ணில் பேசாமல், பள்ளியின் எண்ணை நீங்களாகத் தேடிப் பேசுங்கள். அங்கே இப்போது வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யும்படி கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்பி வையுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம். அதுவரை பள்ளியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். மஞ்சளும் இருப்பிலேயே இருக்கட்டும்.