மாத்திரை, மெழுகுவத்தி, கண்ணீர்: கொடைக்கானலிலிருந்து சில கேள்வி பதில்கள்

மாதம் ஒரு ஞாயிறு பூசையும் ஆராதனையும் முடிந்தபின் இங்கே கொஞ்சம் பேர் கூடுகிறோம். பெயர் எழுதாமல் பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போடலாம். பதில் சொல்வது என் வேலை. முப்பது வருஷம் நர்ஸாக இருந்தேன், அப்புறம் ஆற்றுப்படுத்துதல் (கவுன்சலிங்) படித்தேன். பிறந்தது சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபையில், வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பத்தில். 'சிஸ்டர்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் மடத்து சிஸ்டர் இல்லை, வார்டு சிஸ்டர்.

கேள்வி (பூம்பாறை): வீட்டுக்காரர் போய் எட்டு மாதம். இன்னும் அழுகிறேன். விசுவாசி இப்படி அழக்கூடாது, அது அவநம்பிக்கை என்கிறார்கள். அவர் ஸ்வெட்டரைக்கூட எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை.

பதில்: ஸ்வெட்டர் இருக்கட்டும் அம்மா. அது யார் வழியையும் மறிக்கவில்லை. செத்துப்போன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர் அவர், தெரிந்தும் அழுதார். நம் ஊர் சலேத் மாதாவை நினைத்துப் பாருங்கள். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்ஸ் நாட்டு மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள் கண்ட காட்சி அது. முதலில் அவர்கள் பார்த்தது, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணை. அந்தத் தாயின் பெயரில் கோயில் கட்டி வைத்துக்கொண்டு, அழுகிறவளைப் பார்த்து நம்பிக்கை இல்லாதவள் என்றால் என்ன நியாயம்?

எட்டு மாதம் ஒரு கணக்கே இல்லை. சாப்பாடே இறங்கவில்லை, எழுந்து பூண்டுத் தோட்டத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் மட்டும் உடனே என்னிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். வெறும் அழுகை என்றால் அழுங்கள்.

கேள்வி (பெருமாள்மலை, வயது 24): மன அழுத்தத்துக்கு மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு ஜெபக்குழுவில், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, இன்றே விடு என்றார்கள். விட்டுவிடலாமா சிஸ்டர்?

பதில்: விடாதீர்கள் தம்பி. இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரலாம். பழைய நோயே திரும்பவும் வரலாம். நிறுத்த வேண்டிய நேரம் வந்தால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். வார்டில் இருந்தபோது ஒரு பெண், ஜெபத்தில் குணமாகிவிட்டது என்று சாட்சி சொல்லி, மேடையிலேயே மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள். கூட்டம் கைதட்டியது. ஆறு வாரம் கழித்து அவளை இரண்டு பேர் தாங்கி அழைத்து வந்தார்கள். கைதட்டியவர்களில் ஒருவரையும் ஆஸ்பத்திரியில் காணோம். இன்னும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியாயிற்று.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் படியுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடு என்கிறான். கர்த்தர் பேசுவது நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். உடம்புக்கு வேண்டியது முதலில் வந்தது, பேச்சு அப்புறம். உங்கள் மாத்திரையை அந்த அடை மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். ஜெபம் பண்ணிவிட்டே விழுங்கலாம், யாரும் தடுக்கவில்லை.

அப்போஸ்தலர் பவுல் தன்னை வாட்டிய ஓர் உபாதையை முள் என்கிறார்; அது நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்த ஜெபக்குழு சொல்லுமா? டாக்டரைப் பார்க்க மலையிறங்கிப் போக பஸ்ஸுக்குக் காசில்லாத நாளில் மனசு கலங்கினால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

கேள்வி (நாயுடுபுரம்): நாங்கள் முருகன் கும்பிடுகிற குடும்பம். சலேத் கோயிலில் உட்கார்ந்தால் மனசு லேசாகிறது. வரலாமா?

பதில்: வாங்க. மெழுகுவத்தி ஏற்றுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். பூசையில் நற்கருணை (சாமியார் கொடுக்கிற அப்பம்) வாங்க மட்டும் வரிசையில் நிற்க வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி (பண்ணைக்காடு): வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார் ஆண்டவர், பொறுத்துப் போ என்கிறார்கள்.

பதில்: அந்த வசனம் மத்தேயு 18-இல் 22. அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரை யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை போல. தப்புச் செய்தவனிடம் தனியாகச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல் என்கிறது. மூடி மறை என்று எங்கேயும் இல்லை. உங்களை அடிக்கிறவரிடம் தனியாகப் போக வேண்டியதுகூட இல்லை, நேரே சாட்சிகளிடம் போங்கள். மன்னிப்பது உங்கள் மனசுக்குள் நடக்கிற காரியம், அதற்கு வருஷக்கணக்கும் ஆகலாம். அடி வாங்காமல் இருப்பது இன்றைக்கே நடக்க வேண்டியது. 181 பெண்களுக்கான உதவி எண். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் பாதுகாப்பு உத்தரவும் நீதிமன்றத்தில் கேட்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.

கேள்வி (ஊர் எழுதவில்லை): அண்ணன் தற்கொலை செய்துகொண்டான். அவனுக்கு மோட்சம் இல்லை என்று சொந்தக்காரர்கள் காது படவே பேசுகிறார்கள்.

பதில்: பழைய சட்டத்தை வைத்துப் பேசுகிறார்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், மனமறிந்து அப்படிச் செய்தவருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது உண்மை. 1983-இல் வந்த சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனநோயும் வேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது. அவன் பெயரில் பூசைக்கு எழுதிக் கொடுங்கள். பெயரைச் சத்தமாகவே வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்பதுதான் எனக்கு இப்போது தெரிய வேண்டும். அடுத்த தடவை சீட்டு வேண்டாம், நேரில் வாங்க.

கேள்வி (செண்பகனூர்): ஜெபிக்க உட்கார்ந்தால் கடன்தான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய?

பதில்: கடனையே சொல்லுங்கள். யாருக்கு, எத்தனை வட்டி, எந்தத் தேதிக்குள் என்று பைசா சுத்தமாகச் சொல்லலாம். சங்கீதம் 88 முழுக்கப் புலம்பல், கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே வராது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அப்புறம், எங்கள் கூட்டத்தில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் வருகிறார், இரண்டாவது பெஞ்சில் மப்ளரோடு உட்கார்ந்திருப்பார். கடன் பத்திரத்தைக் கையோடு எடுத்து வாருங்கள்.