புல் சரியில்லை, கட்டணம் மட்டும் முழுசா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தலைமைக் கிராணியாக இருக்கிறேன், வயது 51. ஞாயிறுதோறும் பட்டணத்து ஒன்பது ஹோல் கோல்ஃப் திடலை இரண்டு தடவை சுற்றி ஆடுவேன். கிரீன் ஃபீ, அதாவது ஒரு ஆட்டத்துக்கான திடல் கட்டணம், 60 வெள்ளி (ரிங்கிட்). 24 ஆட்டத்துக்கான வவுச்சரை 1,440 வெள்ளிக்கு கிரெடிட் கார்டில் வாங்கிவிடுவேன். மூன்று வருடமாக மனைவியின் தம்பியும் மாதம் இரண்டு ஆட்டம் வருகிறார், அவருடைய ஃபீயும் பக்கி (திடல் வண்டி) பங்கு 35 வெள்ளியும் என் கணக்கில்தான். இப்போது கிரீன் (குழியைச் சுற்றிய குட்டைப் புல் தரை) முழுக்க மணல், இரண்டு ஹோலில் தற்காலிக கிரீன், பங்கர் என்ற மணற்பள்ளத்தில் தண்ணீர். ஆனால் ஒரு சென் குறைக்க மாட்டார்களாம். நியாயமான கட்டணம் எவ்வளவு? கிளப் 12,000 வெள்ளிக்குப் பத்து வருட உறுப்பினர் திட்டம் கொண்டுவந்திருக்கிறது, மாதச் சந்தா 120, பிறகு விற்கவும் செய்யலாமாம். ஊழியர் சேமநிதியில் எப்போதும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபிள் கணக்கில் உள்ள 5,000-ஐ முன்பணமாகக் கட்டலாமா? கார்டில் 6,800 நிற்கிறது. மினிமம் கட்டிவருகிறேன், போன வருடம் மூன்று மாதம் தவறிவிட்டது.

பதில்: ஐயா, கிரீன் ஃபீயைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, 6,800 வெள்ளியைக் கடைசி வரியில் சொல்கிறீர்கள்.

சரி, கேட்டதற்கு முதலில் பதில். மணல் தூவியது கெட்ட வேலை இல்லை. கிரீனில் துளை போட்டு மணல் நிரப்பினால்தான் இறுகிப்போன மண்ணுக்குள் காற்றும் நீரும் போகும். செய்யாமல் விட்டால் அடுத்த மழைக்கு வேர் அழுகும். புல் கூடிவர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதைச் செய்ததில் குற்றமில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் முழுக் காசு வாங்கியதுதான் குற்றம். நானும் ஒரு முறை ஈப்போ பக்கம் காசைக் கட்டிவிட்டு முதல் கிரீனில் ஏறியபோதுதான் அது கடற்கரை என்று தெரிந்தது. கவுண்டரில் கேட்டால், போர்டில் எழுதியிருக்கிறதே என்றார்கள். போர்டு இருந்தது கழிப்பறைப் பக்கம்.

18 ஹோலை 72 முறை அடித்து முடிக்க வேண்டும் (பார் 72) என்று வைத்தவர்கள் ஹோலுக்கு இரண்டு பட் (கிரீனில் பந்தை உருட்டும் தட்டு) என்று 36-ஐ கிரீனுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆட்டத்தில் பாதி அங்கே. அந்தப் பாதி கெட்டால் 60-இல் 30 போய்விட்டது என்று கறாராகச் சொல்லலாம். ஆனால் நடந்தீர்கள், நாலு பேரோடு பேசினீர்கள், டீ ஷாட் அடித்தீர்கள். அதற்குப் பத்து வெள்ளி சேர்த்துக் கொடுத்தால் 40. மணல் மறைந்து புல் கூடிய பிறகும் இரண்டு ஹோல் தற்காலிகமாகவே கிடந்தால், இரண்டு சுற்றில் அது நாலு ஹோல். 60-ஐ 18-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 47. ஆக, 40 முதல் 47 வரை கேளுங்கள். பங்கர் தண்ணீருக்குத் தனியாகக் கழிக்க வேண்டாம், மழை ஊரில் ஆடுகிறோம்.

ஆனால் உங்களால் கேட்க முடியாது. காசை முன்னாடியே கொடுத்துவிட்டீர்களே! கையில் காசு வைத்திருப்பவன் பேரம் பேசுவான், வவுச்சர் வைத்திருப்பவன் புலம்புவான். நீங்களும் மச்சானும் சேர்ந்து மாதம் ஆறு வவுச்சர், நாலு மாதத்தில் கட்டு காலி. உடனே அடுத்த கட்டு, மறுபடி கார்டு.

கார்டு வட்டிக்கு வருவோம். பன்னிரண்டு மாதமும் தவறாமல் மினிமம் கட்டுகிறவருக்கு வருடத்துக்கு 15 சதவீதம். மூன்று மாதம் தவறிய உங்களுக்கு 18. 6,800-க்கு மாதம் 100 வெள்ளி சுமார். நாலு ஆட்டத்துக்குப் பிரித்தால் ஆட்டத்துக்கு 25. கிளப் 60 வாங்குகிறது, பேங்க் 25 வாங்குகிறது. கிளப்பிடம் 20 வெள்ளிக்கு மல்லுக்கட்டுகிறீர்கள், பேங்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த 6,800 எங்கிருந்து வந்தது? மச்சானுக்கு மாதம் இரண்டு ஆட்டம் 120, பக்கி 70, மொத்தம் 190. வருடத்துக்கு 2,280. மூன்று வருடத்துக்கு 6,840. நான் வேண்டுமென்று பொருத்தவில்லை, உங்கள் கடிதத்தில் உள்ள கணக்குத்தான்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வேண்டாம். கேட்டால் தீபாவளிக்கு யாரும் உங்கள் வீட்டில் பசியாற வரமாட்டார்கள், காசும் வராது. இனிமேல் கவுண்டரில் தனித்தனி பில். வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள், அக்காவுக்குத் தெரியாமல் தம்பியிடம் பேசினால் கதை வேறு மாதிரி வீட்டுக்கு வரும். வெள்ளைக்காரத் துரைகள் ஆடிய திடலில் நம்மவர் கையெழுத்துப் போட்டு விருந்தாளியைக் கூட்டிப்போவதில் ஒரு பெருமை இருக்கும், எனக்குப் புரிகிறது. அந்தப் பெருமையை மாதம் ஒரு கோப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த உறுப்பினர் திட்டம். 12,000-ஐப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 1,200. சந்தா 1,440. சேர்த்து 2,640, நீங்கள் ஆடுவது 48 ஆட்டம், ஒன்றுக்கு 55. அஞ்சு வெள்ளி மிச்சம் என்று தோன்றும். அதே 12,000 சேமநிதியில் கிடந்தால், 2024-க்குக் கொடுத்த 6.3 சதவீத லாப ஈவுப்படி வருடம் 756 வெள்ளி. அதையும் சேர்த்தால் ஆட்டத்துக்கு 70-ஐத் தாண்டுகிறது. 60 பெறாத திடலுக்கு 70! விற்கலாம் என்ற பேச்சை 1990-களிலேயே கேட்டாயிற்று. நிலம் வாங்குகிற மாதிரி கோல்ஃப் சான்றிதழ் வாங்கியவர்கள் 1997 நெருக்கடிக்குப் பிறகு விற்க ஆள் தேடி அலைந்தார்கள். உரிமையாளர் நடத்தும் கிளப் என்றால், இப்படிப்பட்ட திட்டம் 2016-இன் இன்ட்ரெஸ்ட் ஸ்கீம்ஸ் சட்டப்படி எஸ்.எஸ்.எம் என்ற நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், விற்பவரின் முகமே பாதி பதிலைச் சொல்லும்.

ஃபிளெக்சிபிள் கணக்கைத் தொடாதே என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். உங்களுக்கு மட்டும், மச்சான் பில் பிரிந்து மூன்று மாதம் ஆன பிறகு, அந்த 5,000-ஐ எடுத்துக் கார்டில் போடுங்கள். அங்கே வருடம் 315 இழப்பீர்கள், இங்கே 900 மிச்சம். மீதி 1,800-க்கு, இப்போது மாதம் கட்டும் 340-ஐயே தொடர்ந்தால் அரை வருடத்தில் முடியும். பில்லைப் பிரிக்காமல் எடுத்தால் கார்டு மறுபடி நிரம்பும், 5,000-உம் போயிருக்கும்.

கையில் மீதி வவுச்சர் இருந்தால், கிரீன் சரியாகும்வரை காலக்கெடுவை நீட்டித் தரும்படி கிளப்புக்குக் கடிதம் எழுதுங்கள், வாட்ஸ்அப் போதாது. மாட்டோம் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

வவுச்சர் தீர்ந்ததும் அடுத்த கட்டு வேண்டாம். சனிக்கிழமை போன் போட்டு, நாளைக்கு கிரீன் எப்படி, எத்தனை ஹோல் திறந்திருக்கிறது, எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேளுங்கள். 40 என்றால் போய் ஆடுங்கள். மச்சானுக்கும் அதே 40, அவர் பர்ஸிலிருந்து.