புடவைக்கு முன்னால் ஜாக்கெட்

அக்கா, வணக்கம்.

கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கும் திருநங்கை நான். வயது 29. ஹார்மோன் எடுக்க ஆரம்பித்து 8 மாதம் ஆகிறது. உயரம் 5 அடி 10 அங்குலம், தோளும் அகலம். வைகாசியில் தோழிக்குக் கல்யாணம். நாலு பேர் கூடும் இடத்துக்கு முதல்முறையாகப் புடவையில் போகப்போகிறேன். ஆசைப்பட்டு ஆர்கன்சா புடவை எடுத்து, சித்தியின் ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துத் தைத்தேன். கட்டிப் பார்த்தால் கணுக்கால் தெரிகிறது. புடவை இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது. தோள் இன்னும் விரிந்து தெரிகிறது. கையைத் தூக்கினால் ஜாக்கெட்டும் கூடவே ஏறுகிறது. ‘கறுப்பு கட்டு, எல்லாம் மறைந்துவிடும்’ என்கிறார்கள் தோழிகள். எங்கே தப்பு?

இன்னொன்று. என் நண்பன் ஒருவன் கிராஸ்டிரஸ்ஸர். வீட்டுக்குள் மட்டும், எப்போதாவது பெண் உடை உடுத்துவான். கடையில் அளவு சொல்லக் கூச்சப்பட்டு ஆன்லைனில் வாங்குகிறான், ஒன்றும் சேர்வதில்லை. அவனுக்கும் சேர்த்து எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதிய நாலு குறையில் ஒன்றுகூட நிறத்தால் வந்ததில்லை. நாலும் அளவில் வந்தவை. கறுப்பு கட்டினால் கறுப்புப் புடவையில் கணுக்கால் தெரியும், அவ்வளவுதான். காசையெல்லாம் புடவையில் போட்டுவிட்டு உள்ளே போடுவதைக் கையில் கிடைத்தபடி போடுவதுதான் புதிதாகக் கட்டுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தப்பு. பிரா, ஜாக்கெட், பாவாடை மூன்றும் சரியாக அமைந்தால் 800 ரூபாய் பருத்திப் புடவையும் எடுப்பாக இருக்கும்.

கணுக்கால் வெறும் கூட்டல் கழித்தல்தான். கடைப் புடவைகளின் அகலம் பெரும்பாலும் 44 முதல் 46 அங்குலம். உங்கள் உயரத்துக்குத் தொப்புள் தரையிலிருந்து ஏறக்குறைய 42 அங்குலத்தில் இருக்கும். 2 அங்குலக் குதிகால் செருப்பு போட்டால் 44. செருகுவதற்கு 3 அங்குலம் போக, 45 அங்குலப் புடவையில் மிஞ்சுவது 42. 2 அங்குலம் பற்றாக்குறை. 5 அடி 4 அங்குலப் பெண்ணுக்கு இதே புடவை தாராளமாக இருக்கும். பற்றாக்குறையைச் சமாளிக்கப் புடவையைக் கீழே இறக்கிக் கட்டுகிறோம், அது நிற்காமல் நழுவுகிறது. அடுத்த முறை கடையில் டேப் வைத்து அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். காஞ்சிப் பட்டில் 47, 48 அங்குலம் கிடைக்கும், கைத்தறிப் பருத்தியிலும் தேடினால் உண்டு. எடுத்துவிட்ட புடவைக்கும் வழி இருக்கிறது. மேல் ஓரத்தில், உள்தலைப்பில் தொடங்கி முதல் சுற்றும் கொசுவமும் வரும் பகுதிக்கு, சுமார் 3 மீட்டர் நீளத்துக்கு, அதே நிறத்தில் 4 அங்குலப் பருத்திப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். செருகலுக்குப் பட்டி போய்விடும், புடவையின் முழு அகலமும் கீழே கிடைக்கும். அதற்கு மேல் முந்தானைப் பக்கம் பட்டியை நீட்டக் கூடாது, வெளியே தெரியும். எந்தச் செருப்பு போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டுதான் கட்டத் தொடங்க வேண்டும்.

இடுப்பில் நிற்காததற்கு இன்னொரு காரணம் கைலி கட்டிய பழக்கம். இடுப்பெலும்பின் மேல் கட்டியே கை பழகியிருக்கும். உங்கள் இடுப்பு பக்கவாட்டில் அகலமில்லாததால் அங்கே பாவாடை பிடித்து நிற்க எதுவுமில்லை. தொப்புள் மட்டத்திலோ ஒரு விரல் கீழேயோ கட்டுங்கள். உடம்பு கொஞ்சமாவது குறுகுவது அங்கேதான். மெல்லிய நாடாவை இறுக்கினால் தோல் அறுபடும், ஆகவே ஒன்றரை அங்குலப் பட்டை வைத்து அதற்குள் நாடா ஓடும்படி தைத்த பாவாடையாக இருக்கட்டும். கடையில் எடுக்கும் 38 அங்குலப் பாவாடை உங்களுக்குக் குட்டை. ஆர்கன்சாவில் அதன் விளிம்பு கோடாகத் தெரியும். செருப்பு போட்டு, இடுப்பிலிருந்து தரை வரை அளந்து, அதில் ஒரு அங்குலம் குறைத்துத் தைக்கக் கொடுங்கள்.

இப்போது எல்லோரும் வாங்கும் புடவை ஷேப்வேர் உங்களுக்கு வேண்டாம். உடம்போடு ஒட்டி, முழங்காலுக்குக் கீழே விரியும் அது ஏற்கெனவே இடுப்பு வளைவு உள்ளவர்களுக்கானது. வளைவில்லாத இடுப்பில் போட்டால் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே நேர்கோடாகிவிடும். சுருக்கம் வைத்த கனமான பருத்திப் பாவாடை இடுப்பைச் சற்றுப் பருமனாக்கிக் காட்டும், தோளுக்கு அது ஈடுகட்டும். ஜார்ஜெட், சிஃபான் இரண்டையும் இதே காரணத்தால் தள்ளிவைப்பேன். கஞ்சி போட்ட பருத்தியும் அகலக் கரையும் பார்வையைக் கீழே இழுக்கும்.

இனி ஜாக்கெட். சித்தியின் ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்தபோதே காரியம் கெட்டுவிட்டது. மார்புச் சுற்றளவு ஒன்றாகவே இருந்தாலும் தோள், முதுகு அகலம், ஆம்ஹோல் (கை பொருத்தும் வளைவு), உயரம் நான்கும் வேறு. ஆம்ஹோல் போதாமல் இறுக்கியதும் தையல்காரர் அக்குளில் கீழே தோண்டியிருப்பார். அப்படித் தோண்டினால் கை தூக்கும்போதெல்லாம் ஜாக்கெட்டும் தூக்கிக்கொண்டு வரும். கூட்ட வேண்டியது முதுகு அகலத்தையும் கையின் அகலத்தையும்தான், அக்குளின் ஆழத்தை இல்லை. தைத்ததைச் சரிசெய்ய அக்குளில் 2 அங்குலச் சதுரத் துண்டு வைக்கலாம், வெளியே தெரியாது. ஜாக்கெட் உயரம் பெரும்பாலும் 14 அங்குலத்தில் வெட்டுவார்கள். உங்களுக்கு பதினைந்தரை, 16 வேண்டியிருக்கும்.

அளவு எடுக்கும் முன் பிராவை முடிவு செய்யுங்கள். மார்புக்குக் கீழே மூச்சை விட்டபின் சுற்றி அளந்து, வரும் எண்ணை அடுத்த இரட்டைப்படைக்கு ஏற்றுங்கள். 37 என்றால் 38. பிறகு மார்பின் முழுச் சுற்றளவு. அந்த 38-ஐவிட ஓர் அங்குலம் கூடினால் ஏ கப், 2 கூடினால் பி, 3 கூடினால் சி. தோழி 34 போடுகிறாள் என்று 34 வாங்கினால் பட்டி விலாவை இறுக்கி, முதுகில் அழுந்தும். கப் வைத்தோ சிலிக்கான் வைத்தோ உடுத்துவதாக இருந்தால் அதை வைத்துக்கொண்டே அளவு கொடுங்கள். மார்பின் முனை இருக்க வேண்டிய இடம் தோளுக்கும் முழங்கைக்கும் நடுமட்டம். பலரும் மேலே ஏற்றி, கழுத்துக்குக் கீழேயே வைத்துவிடுகிறார்கள். தோளிலிருந்து முனை வரை எவ்வளவு, இரண்டு முனைக்கும் நடுவே எவ்வளவு என்று டேப்பில் அளந்து டாட் (முனையை நோக்கிப் பிடிக்கும் மடிப்புத் தையல்) பிடிக்கச் சொல்லுங்கள். அட்டவணைப்படி பிடித்த டாட் உங்கள் நெஞ்சில் மேலேயே நின்று, கீழே துணி காற்றடைத்ததுபோல் உப்பும்.

ஷோல்டர் தையல் தோள் எலும்பின் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே விழட்டும். கண் அந்தத் தையலையே தோளின் முடிவாக எடுத்துக்கொள்ளும். கையை முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே முடியுங்கள். பஃப் கை, தொப்பிக் கை இரண்டும் தோளின் மிக அகலமான இடத்தில் கோடு போட்டுக் காட்டும். கழுத்தில் போட் நெக்கும் ஹால்டரும் அப்படித்தான். முன்னால் வி அல்லது ஆழமான யு. முதுகில் பெரிய ஜன்னல் வைத்து முடிச்சுக் கயிறு தொங்கவிடும் மோகத்தை இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் ஒத்திவையுங்கள்.

உங்களுக்கு 8 மாதம்தான் ஆகிறது. மார்பு வளர்ச்சி இரண்டு மூன்று ஆண்டு வரைகூடத் தொடரும். ஆகவே ஒரே மூச்சில் பத்து ஜாக்கெட் தைக்காதீர்கள். தைப்பதில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். இப்போது வலி இருக்கும் என்பதால் இறுக்கிப் பிடிக்கும் பிரின்சஸ் கட்டைவிட லைனிங் வைத்த சாதாரண டாட் ஜாக்கெட் சுகம். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். போட்டுப் பார்க்கும்போது உட்கார்ந்தும், இரண்டு கையையும் தூக்கியும் பாருங்கள், கண்ணாடி முன் நின்றால் மட்டும் போதாது.

தோள் விரிந்து தெரிவதில் முந்தானைக்கும் பங்கு உண்டு. ஒற்றை முந்தானையாக விட்டால் ஆர்கன்சா தோளில் உப்பி நிற்கும். 4 அங்குல மடிப்பாக ஐந்தாறு மடித்து, மெல்லிய துணி வைத்துக் குறைந்த சூட்டில் அயர்ன் செய்து, ஊக்கைத் தோளின் நுனியில் குத்தாமல் கழுத்துப் பக்கமாக 2 அங்குலம் தள்ளிக் குத்துங்கள். அந்தச் சரிவுக் கோடு தோளை இரண்டாகப் பிரித்துவிடும். ஊக்கு ஜாக்கெட்டோடு பிரா பட்டையையும் பிடித்தால் நாள் முழுக்க நகராது.

கழுத்துக்கு அட்டிகை வேண்டாம், குரல்வளைக்கு நேர் கீழே உட்கார்ந்து அதைத்தான் காட்டும். நெஞ்சு வரை இறங்கும் சங்கிலி போதும். தாடி நிழலுக்கு ஃபவுண்டேஷனை அடுக்கினால் சாம்பல் பூக்கும். முதலில் ஆரஞ்சு கரெக்டரை மெல்லிதாக ஒற்றி, அதன்மேல் கழுத்தின் நிறத்துக்கு ஒத்த ஃபவுண்டேஷன். முகத்துக்கு ஒரு நிறம் கழுத்துக்கு ஒரு நிறம் என்பது மண்டபத்துப் பகல் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படும். மிஸ் கூவாகம் மேடைக்கு எடுபடும் ஜிகினாவும் கண் மையும் இரவு விளக்குக்கானவை, காலை முகூர்த்தத்துக்கு அவற்றைக் கொண்டுவராதீர்கள். புடவைக்குள் முன்பக்கத்தை இறுக்கிக் கட்டுவதும் தேவையே இல்லை. பாவாடையும் கொசுவமும் மறைத்துவிடும். வைகாசி வெயிலில் ஆறு மணி நேரம் இறுக்கினால் புண்தான் மிச்சம்.

நண்பருக்கு. ஆன்லைனில் குர்தி வாங்கும்போது மார்பு அளவைப் பார்க்கிறார், அதனால்தான் சேர்வதில்லை. தோளைப் பார்த்து வாங்கட்டும். தோளுக்குச் சரியான எக்ஸ்எக்ஸ்எல் இடுப்பில் தொளதொளக்கும், அதை எந்தத் தையல்காரரும் பத்து நிமிடத்தில் சைடு பிடித்துக் கொடுப்பார். இடுப்புக்குச் சரியாக வாங்கிவிட்டு தோளைப் பெரிதாக்க யாராலும் முடியாது. லெக்கின்ஸைவிட விரிந்த பலாசோ அவருக்குப் பொருந்தும். செருப்பின் எண் யு.கே. அளவாக இருந்தால் ஆண்கள் 8-ம் பெண்கள் 8-ம் நீளத்தில் ஏறக்குறைய ஒன்று, அகலம்தான் குறைவு. ஆகவே மூடிய ஷூவைவிட வார் வைத்ததாகவும், குதிகால் பட்டையாகவும் இருக்கட்டும். சிலிக்கான் மார்பு வாங்குவதாக இருந்தால் ஊக்கு அதன்மேல் படவே கூடாது, ஒரு குத்தில் கசிய ஆரம்பிக்கும். கழற்றியதும் மென்மையான சோப்பில் கழுவி, துடைத்து, நிழலில் வைக்க வேண்டும்.

வளையல் வாங்குகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அதன் எண். 2.8 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் 8 பங்கும், அதாவது இரண்டரை அங்குல விட்டம். 2.10 அதைவிடப் பெரியது, 2.12 இன்னும் பெரியது. மணிக்கட்டை அளப்பதில் பயனில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் மூட்டுகளின் மிக அகலமான இடத்தைச் சுற்றி ஒரு நூலால் அளக்கச் சொல்லுங்கள். எட்டேகால் அங்குலத்துக்குள் வந்தால் 2.10, அதைத் தாண்டினால் 2.12. அதுவும் ஏறாத கைக்குக் கண்ணாடி வளையலை வலிந்து ஏற்ற வேண்டாம், உடைந்து கீறிவிடும். திருகாணி வைத்துத் திறக்கும் காப்பு எல்லாக் கவரிங் கடையிலும் கிடைக்கிறது.