சக்குபந்தி

அன்புள்ள ஐயா,

தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் பிளஸ் டூ பிள்ளைகளின் பிரிவு உபசார விழாவில், வகுப்பில் உள்ள 38 பேரைப் பற்றியும் ஆளுக்கு நாலு வரி வேடிக்கையாக எழுதி வாசிக்க நினைத்தேன். பெயர்களை எடுத்துவிட்டுச் சில மாதிரிகளை அனுப்புகிறேன்.

"இவர் வகுப்புக்குச் சரியான நேரத்தில் வந்தது ஒரே ஒரு நாள். அன்று மழை விடுமுறை."

"கேள்வி கேட்டால் எழுந்து நின்று முதலில் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். பிறகு பெல்ட். பிறகு முடி. அதற்குள் மணி அடித்துவிடும்."

"இவருடைய ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் கிடையாது. நார்த்தங்காய் ஊறுகாய் உண்டு. மதியம் அந்தப் பெட்டி பெஞ்சு பெஞ்சாகச் சுற்றிவிட்டு வரும்."

எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர், 'இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், பிள்ளைகளைக் கேலி செய்தால் மரியாதை போய்விடும், நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கள்' என்கிறார். பட்டப்பெயர்களைச் சேர்க்கலாமா? புத்தகமாக அச்சடிக்கலாமா? இன்னொரு சிக்கல். நான்கு பிள்ளைகளைப் பற்றி 'அமைதியானவர், அடக்கமானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்' என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

---

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் பழைய இரும்புப் பெட்டியில் என் மாற்றுச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏதோ ஓர் அலுவலகத்தில் பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். கிடைத்தது. 1989-இல் கொடுத்தது, நான்காக மடித்த மடிப்பில் கிழிந்திருந்தது. அங்க அடையாளங்கள்: ஒன்று, வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம். இரண்டு, இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. நடத்தை: நன்று.

தழும்பு இப்போதும் இருக்கிறது. மச்சம் எனக்கு இருந்ததே இல்லை. அடையாளம் குறிக்க வரிசையில் நிற்கவைத்த அன்று கையில் பேனா மை ஒழுகியிருந்தது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு வருடம் என்னைத் தினமும் பார்த்த ஒரு பள்ளி, கடைசியில் என்னைப் பற்றி எழுதிக் கொடுத்தது ஒரு தழும்பு, ஒரு மைப்பொட்டு, ஒரு 'நன்று'. இதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் 38 பேரும் வந்து சேர்ந்தார்கள்.

மூத்த ஆசிரியர் சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். மரியாதை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் எப்போதோ பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. அந்தச் செய்தி எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் அறைக்குத்தான் கடைசியாக வந்து சேரும். நாலு நல்ல வார்த்தையா? பன்னிரண்டு வருடம் காலை வழிபாட்டில் நிற்கவைத்து அதைத்தானே சொன்னோம், வெயிலில் நாலு பேர் மயங்கி விழும்வரை. வெளிநாட்டுப் பழக்கம் என்பதும் வேடிக்கை. அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டு மலர் போட்டு ஆளுக்கு ஒரு படமும் ஒரு குறும்பு வரியும் சேர்ப்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரே தெருவில் ஒரே குலசாமி பெயரோடு ஆறு பேர் இருக்கும் ஊரில், பட்டப்பெயர் இல்லாமல் தபால்காரர் எப்படிப் பிழைத்தார் என்று அவரிடம் கேளுங்கள்.

பட்டப்பெயர் தாராளமாகச் சேருங்கள். பிள்ளை தானாகச் செய்வதை வைத்து வந்த பெயர் என்றால் சரி. அவனுக்கு வாய்த்ததை வைத்து வந்தது என்றால் வேண்டாம். நிறம், உயரம், திக்குவாய், அப்பாவின் தொழில் எதுவும் கூடாது. தெருவை வைத்து வந்த பெயர் அறவே கூடாது. ஏன் என்று தென்காசிப் பக்கத்து ஆசிரியைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பியதில் ஒரு பெண்ணை 'வகுப்பிலேயே வெயிட்டான புள்ளி' என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் மேலே போடவில்லை, கவனித்திருப்பீர்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், வேறு வழி? வீட்டுக்குப் போய் என்ன செய்வாள் என்று ஒரு தமிழாசிரியைக்குத் தோன்றவில்லையா? அடித்துவிடுங்கள். பேனாவால், படிக்க முடியாதபடி.

அச்செல்லாம் வேண்டாம். கையால் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

இனி நான் சொல்ல வந்தது. பெயர்களை எடுத்துவிட்டு அனுப்பினீர்கள் அல்லவா, அறியாமலேயே ஒரு நல்ல பரீட்சை வைத்துவிட்டீர்கள். பெயரை எடுத்த பிறகும் ஆள் நிற்கிறானா? சட்டையை இழுத்துவிடுகிறவன் நிற்கிறான். நான் அவனைப் பார்த்ததில்லை, ஆனால் உங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் எதிரே வந்தால் கண்டுபிடித்துவிடுவேன். நார்த்தங்காய்க்காரியை ஜாமெட்ரி பாக்ஸ் திறக்கும் சத்தத்திலேயே தெரிந்துகொள்வேன்.

நேர்மாறானதும் உண்டு. மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்தியது. அதற்கு முன் வருடாவருடம் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் செய்தித்தாளில் முதலிடம் பெற்றவரின் படமும் பேட்டியும் வரும். 1200-க்கு இத்தனை. அம்மா ஒருபக்கம் லட்டு ஊட்ட, தலைமையாசிரியர் மறுபக்கம் நிற்க ஒரு படம். அன்றன்றைய பாடத்தை அன்றன்றே படித்தேன், டிவி பார்க்கவில்லை, மருத்துவராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன். பெயரை மறைத்துவிட்டால் எந்த வருடத்துப் பிள்ளை என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அத்தனை பேரும் ஒரே பிள்ளை. அந்தப் பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர்கூடவா ஊறுகாய் தின்றிருக்க மாட்டார்?

நம் ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பார்கள். தொகுக்கும்போது சில பாடல்களுக்கு எழுதியவர் பெயர் தெரியவில்லை. பெயர் போய்விட்டது, என்ன செய்வது? பாட்டுக்குள் கண்ணில் நிற்கும் படத்தையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப் பெயல்நீரார். ஓரேருழவனார். அணிலாடு முன்றிலார். எனக்கு எல்லாரையும்விடப் பிடித்தவர் குப்பைக்கோழியார். குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் சண்டை போடுகின்றன, ஏவிவிட்டவரும் இல்லை, விலக்கிவிட ஆளும் இல்லை. தலைவியின் காதல் நோய் அப்படி இருக்கிறதாம். 305-ஆம் பாட்டு. அப்பா அம்மா வைத்த பெயர் இரண்டாயிரம் வருடத்தில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது, மனிதர் கோழியோடு நிற்கிறார். இந்தப் பாடல்களில் ஒன்றிரண்டையாவது வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். நடத்திவிட்டு வந்து 'அமைதியானவர், அடக்கமானவர்' என்று எழுத எப்படி மனம் வந்தது?

அமைதியானவர் என்பது குணம் இல்லை அம்மா. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். கடைசி மணி அடித்ததும் அந்த நாலு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போகிறார்களா இல்லையா என்று சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஒரு நாள் பாருங்கள். 34 பேருக்கு விருந்து வைத்துவிட்டு நாலு பேருக்கு இலையை மட்டும் போடுவது எந்த ஊர் நியாயம்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் என்மேலும்தான்.

பிளஸ் டூ முடிக்கும்போது நாங்களும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவந்தோம். அதன் பெயரைச் சொல்லமாட்டேன், அவ்வளவு மோசமான பெயர். தேர்ட் குரூப், 42 பேர். ஆளுக்கு ஒரு பக்கம் நான்தான் எழுதினேன். கணக்குப்பதிவியல் வகுப்பில் பற்று வரவு இரண்டு பக்கமும் எப்போதும் 10 ரூபாய் இடிக்கும் ஒருவன், அந்த 10 ரூபாயை அவன்தான் எடுத்து மிக்சர் வாங்கித் தின்றிருப்பான் என்று எழுதினேன். வகுப்பே உருண்டு சிரித்தது. என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எனவே நல்ல நோட்டில் எடுத்து எழுதுகிற வேலையை, கையெழுத்து நன்றாக இருந்த ஒருவனிடம் கொடுத்தோம். எனக்கு அடுத்த பெஞ்சு. அவன் 'ழ' போட்டால் அதன் வால் கீழ்வரிக்குள் இறங்கி அங்கே இருக்கும் எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் இரவு உட்கார்ந்து எழுதிக் கொண்டுவந்தான். ஓர் அடித்தல் இல்லை. விழாவில் கேசரியோடு சேர்த்து அந்த நோட்டும் கைமாறிக் கைமாறிச் சுற்றியது.

கடைசிப் பக்கம் ஒன்று காலியாக இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று நான் அதில் ஒரு குத்துவிளக்கு வரைந்தேன்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைக்காக ஊருக்குப் போனேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடையில் அவன் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரை. இப்போதெல்லாம் டைப் அடிக்க ஒரு பெண் இருக்கிறாள், இவன் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். எங்கள் மனைக்குச் சக்குபந்தி சொல்லிக்கொண்டிருந்தான்: கீழ்மேல் வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் காலிமனைக்குக் கிழக்கு, பொதுக் கிணற்றுக்குத் தெற்கு, இதற்குட்பட்ட மனை. நீங்கள் பத்திரம் படித்துப் பார்த்திருப்பீர்களோ என்னவோ, அதில் எல்லை சொல்லும் பகுதி இதுதான். இடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. சுற்றி யார் யார் என்று மட்டும்தான். ஆனாலும் அந்த இடம் தவறிப்போகாது.

டீ குடிக்கும்போது பழைய நோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "அதுல நீ என்னப் பத்தி எழுதவே இல்லியே" என்றான். குற்றம் சொல்லும் தொனி இல்லை, மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னான். நான் 42 பக்கம் எழுதினேன் என்று சாதித்தேன். விரல் விட்டு எண்ணினான். 41 பேர். "நீ மறந்திருப்பே, நெனவு வந்ததும் எழுதித் தருவேன்னு கடைசிப் பக்கத்த விட்டு வச்சேன். நீ வெளக்கு வரைஞ்சிட்டே."

41 பேரைப் பற்றியும் தன் கையால் எழுதியிருக்கிறான், ஒவ்வொன்றுக்கும் சிரித்திருப்பான். அடுத்தது நாம், அடுத்தது நாம் என்று பக்கம் புரட்டியிருப்பான். டீ ஆறிப்போனது எனக்கு. அவன் குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்தான்.

ஆகவே, உங்கள் நாலு பேர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா, சரி, சக்குபந்தியாவது எழுதுங்கள். பெஞ்சில் இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், முன்னால் எந்த முதுகு, பின்னால் எந்த உதை. யார் வராத நாளில் இவள் முகம் வாடுகிறது. பரீட்சைக்கு முந்தின நாள் யார் நோட்டு இவள் பையில் போகிறது. நாலு எல்லையையும் சரியாகச் சொன்னால் நடுவில் உட்கார்ந்திருப்பவளை மற்ற 37 பேரும் கண்டுபிடித்துக் கத்துவார்கள். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள், தாராளம். எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள், அந்த நாலை மட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று இரவு அந்த 42-ஆவது பக்கத்தையும் எழுதினேன். "ஜன்னலுக்குக் கிழக்கு, பென்சிலை மென்று தின்பவனுக்கு மேற்கு, தண்ணீர்ப் பானைக்கு வடக்கு, திரும்பியே பார்க்காத என் முதுகுக்குத் தெற்கு. இதற்குட்பட்ட இடத்தில் ஒருவன் 'ழ' எழுதிக்கொண்டிருக்கிறான்." போன் செய்து அவனிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தொழில் புத்தி போகுமா.

"கீழமேலத் திருப்பிப் போட்டுட்டியேடே" என்றான். "ஜன்னல் கிழக்காமலே இருந்துச்சு. காலைல வெயிலு எந்நோட்டு மேலதான விழும்."