பேப்பர் பிளேட்டில் பழம் செய்ய என்ன வாங்கலாம்? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். பேப்பர் பிளேட்டில் தண்ணிமத்தன் (தர்பூசணி) செய்து வரச் சொன்னார்கள். பக்கத்துக் கடையில் 25 பிளேட் உள்ள சில்வர் பாக்கெட்டும் ஒரு போஸ்டர் கலர் பெட்டியும் வாங்கினேன். பூசிய நிறம் ஒட்டவே இல்லை, காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்கிறது. கலர் மோசமா, பிளேட் மோசமா? பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.
– ஒரு தாய், தக்கலை

பதில்: கலர் மேல் தப்பில்லை, பிளேட்தான் இந்த வேலைக்கு ஆகாதது. சில்வர் பிளேட், வாழை இலை அச்சடித்த பிளேட் இரண்டிலும் குழம்பு ஊறாமல் இருக்க மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். குழம்பை உள்ளே விடாத படலம் போஸ்டர் கலரை மட்டும் எப்படி விடும்? இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பேப்பர் பிளேட்டும் பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

வாங்கிய பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் படலம் இருக்கும், பின்பக்கம் வெறும் அட்டைதான். அதில் வெள்ளை போஸ்டர் கலரை ஒரு கை பூசிக் காயவிட்டு, அதன் மேல் சிவப்பு பூசினால் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்த முறை கடையில் "படலம் இல்லாத வெள்ளை பேப்பர் பிளேட்" என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பிளேட்டில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். முத்துப்போல உருண்டு நின்றால் படலம் இருக்கிறது. மெல்லப் பரவி ஊறினால் எடுத்துக்கொள்ளலாம். ஓரத்தைச் சற்றுக் கிழித்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும், படலம் இருந்தால் நூல்போல இழுபடும். இந்தக் கைவேலைக்கு மற்ற எல்லாவற்றையும் விட பிளேட்தான் முக்கியம் என்பது என் எண்ணம். பிளேட் சரியாக அமைந்தால் மலிவான கலரே அழகாகத் தெரியும்.

செய்முறை எளிது. பிளேட்டை நடுவில் வெட்டினால் இரண்டு தண்ணிமத்தன் துண்டு. சுருக்கம் சுருக்கமாக இருக்கும் விளிம்புக்குப் பச்சை, அதை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே சிவப்பு. விதைக்குப் பிள்ளையின் விரல் நுனியைக் கறுப்பில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழங்களையும் செய்து பார்க்கலாம். மங்குஸ்தான் பழத்துக்குப் பேப்பர் பிளேட்டின் வடிவமே பொருந்தி வரும்: விளிம்பு முழுக்க அடர் ஊதா, நடுவில் வெள்ளைச் சுளைகள். உண்மையான பழம் கையில் கிடைத்தால் அதன் அடியில் பூப்போல இருக்கும் இதழ்களைப் பிள்ளையை எண்ணச் சொல்லிவிட்டு உடையுங்கள். உள்ளேயும் அத்தனை சுளைதான் இருக்கும். அதே எண்ணிக்கையில் பிளேட்டில் வரையச் சொல்லலாம். விளிம்பைப் பிறை பிறையாக வெட்டினால் மட்டிப்பழம் என்ற வாழைப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம ஊர்ப் பழம் அது, பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சொல்ல நல்ல செய்தி. சக்கைக்கு (பலாப்பழத்துக்கு) வெட்டவே வேண்டாம். மஞ்சளும் பச்சையும் கலந்து பூசி, ஈரம் காய்வதற்குள் முள்கரண்டியின் நுனியால் குத்திக்கொண்டே வந்தால் முள் முள்ளாகத் தெரியும்.

நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. காற்றில் ஈரம் இருக்கும்போது கெட்டியாகப் பூசினால் பிளேட் நெளிந்துவிடும். மெல்லியதாக ஒரு தடவை பூசி, காய்ந்த பிறகு இன்னொரு தடவை பூசுங்கள். அப்புறம் ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் இரவு முழுக்க வைத்தால் நேராகிவிடும்.

திரும்பக் கொடுப்பது பற்றி: சில்வர் பிளேட் என்று கேட்டு சில்வர் பிளேட்டை வாங்கியிருந்தால் அதைக் குறையுள்ள பொருள் என்று வாதிடுவது கடினம். "பெயிண்ட் பூச வேண்டும்" என்று நீங்கள் சொல்லி, "இது போதும்" என்று அவர் கொடுத்திருந்தால் கேட்கலாம். சண்டைக்குப் போகாமல், தடை செய்யப்பட்ட பொருள் என்பதை எடுத்துச் சொல்லி மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேரனுக்கு விரலால் பூசும் கலர் வாங்கலாம் என்று இருக்கிறேன். அவன் எதையும் வாயில் வைப்பான். டப்பாவில் "நான்-டாக்ஸிக்" என்று போட்டிருந்தால் நம்பலாமா?
– ஒரு தாத்தா, கருங்கல்

பதில்: ஐயா, அந்தச் சொல் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தயாரித்தவரின் பெயர், முழு முகவரி, தயாரித்த மாதம், அளவு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் ஆகிய இவையெல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். முகவரியே இல்லாத டப்பாவில் "நான்-டாக்ஸிக்" என்று எழுதியிருந்தால் அந்த வாக்குக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை.

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். விளையாட்டுப் பொருள் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 9873 தரநிலையில் விரலால் பூசும் கலருக்கென்றே ஏழாவது பகுதி இருக்கிறது. ஆகவே 'ஃபிங்கர் பெயிண்ட்' என்று விற்கும் டப்பாவில் அந்த முத்திரையைத் தேடுங்கள். அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் உண்மையா, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மகனிடமோ மருமகளிடமோ சொல்லி, கடையில் நிற்கும்போதே பார்க்கச் செய்யுங்கள். பள்ளி எழுதுபொருளாக விற்கும் சாதாரண போஸ்டர் கலரில் இந்த முத்திரை இல்லாமல் இருக்கலாம். அதைத் தூரிகை பிடிக்கத் தெரிந்த, வாயில் வைக்காத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், உங்கள் பேரனுக்கு இப்போது வேண்டாம்.

முத்திரை உள்ள கலரும் தின்னும் பொருள் அல்ல. கூடவே உட்கார்ந்திருங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஒன்றை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்டைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டின் பரணில் கிடந்தால் அதில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வந்த பாதிப்பைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: அங்கன்வாடியில் இருபது பிள்ளைகள். பழம் செய்யச் சொல்லிக் கொடுக்க ஆசை, ஆனால் கைக்காசுதான். செலவில்லாமல் எப்படிச் செய்வது? கமுகம்பாளைத் தட்டு (பாக்குமட்டைத் தட்டு) பயன்படுமா?
– ஒரு பணியாளர், குலசேகரம்

பதில்: உங்கள் கைக்காசு வீணாகக் கூடாது. பன்னிரண்டு நிறப் பெட்டி வாங்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து நிறம் போதும். மஞ்சளும் நீலமும் பச்சை, சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சு, சிவப்பும் நீலமும் ஊதா. பிள்ளைகள் கண் முன்னால் கலந்து காட்டினால் அதுவே அன்றைய பாடமாகிவிடும். ஒரு பிளேட்டை இரண்டாக வெட்டினால் இருபது பேருக்குப் பத்து பிளேட்தான் வேண்டும். பாக்கெட்டின் மொத்த விலையைப் பார்க்காமல், ஒரு பிளேட் எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பாளைத் தட்டு நிறத்தை நன்றாக வாங்கும், அதன் வரிகள் சக்கைத் தோலுக்கும் அன்னாசிக்கும் பொருத்தமாக இருக்கும். ஆனால் பிள்ளைகளின் கத்தரிக்கோலுக்கு அது மசியாது. வெட்டாமல் முழுத் தட்டாகவே பூசச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மூலையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.

மஞ்சள் நிறத்துக்கு வீட்டு மஞ்சள்தூளையே தண்ணீரில் குழைத்துப் பூசலாம். அது காய்ந்ததும் சோப்புத் தண்ணீர் தொட்ட பஞ்சால் ஓரத்தில் ஒற்றினால் அந்த இடம் மட்டும் சிவக்கும். மாம்பழத்துக்கு இதைவிட அழகான நிறம் கடையில் கிடைக்காது. வெயில் பட்டால் சில நாளில் மங்கிவிடும், அதனால் சன்னல் ஓரம் தொங்கவிடாதீர்கள்.

விதை ஒட்டும் விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை எடுக்கவே கூடாது. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் இருக்கிறது. சீதாப்பழ விதையும் வேண்டாம், அதன் பொடி கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்படுத்தும். கழுவிக் காயவைத்த தண்ணிமத்தன் விதை போதும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம், மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். அவர்களுக்கு விரல் பொட்டுதான் நல்லது.

கேள்வி: பேப்பர் பிளேட் ஒட்ட எந்தப் பசை? சீக்கிரம் ஒட்டும் சிறிய டியூப் பசை கொடுக்கலாமா?
– மார்த்தாண்டம்

பதில்: கூடவே கூடாது. அந்தப் பசை ஒரு நொடியில் விரலையும் விரலையும் ஒட்டிவிடும், கண் பக்கம் போனால் ஆபத்து. வெள்ளைப் பசையோ பசைக்குச்சியோ போதும். தவறி விரல் ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள்.

கேள்வி: இணையத்தில் 'பழக் கைவேலை கிட்' வாங்கினேன். படத்தில் பன்னிரண்டு பெரிய பிளேட்டும் ஆறு கலர் குப்பியும் இருந்தன. வந்ததோ உள்ளங்கை அளவு பிளேட் ஆறும், மூன்று குப்பியும். "கைவேலைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள்.
– நாகர்கோவில்

பதில்: விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. "ரிட்டர்ன் கிடையாது" என்று அவர்கள் எழுதி வைத்திருப்பது இதை மீறி நிற்காது. விற்பனைப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் படம் எடுத்து வையுங்கள். பில், பெட்டியின் மேல் உள்ள சீட்டு, வந்த பொருட்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து இன்னொரு படம். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. இத்தகைய சிறு தொகைப் புகார்கள் பல அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் வேறு விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் அது தனிக் குற்றம், அந்தப் புகாரைத் தொழிலாளர் துறைக்குக் கொடுங்கள்.

இனி இந்த கிட் வகையறா வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதில் வரும் எல்லாமே கோட்டாரிலோ வடசேரியிலோ தனித்தனியாகக் கிடைக்கும், அளவையும் தரத்தையும் கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். பிளேட் வாங்கும்போது தண்ணீர்ச் சொட்டு சோதனையை மறக்காதீர்கள்.